பார்வோனின் கப்பலும் தச்சர்களின் குறிகளும்

1954-ஆம் ஆண்டு மே மாதம். எகிப்து நாட்டின் கீசாவில், கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குத் தெற்கே இடிபாடுகளை அகற்றிக்கொண்டிருந்தபோது, பாறையில் வெட்டப்பட்ட நீண்ட பள்ளம் ஒன்று சுண்ணாம்புக்கல் பாளங்களால் மூடப்பட்டிருப்பது தெரியவந்தது. கமால் எல்-மல்லாக் என்னும் அறிஞர் ஒரு பாளத்தில் துளையிடச் செய்து, சிறு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பினார். கண்ணுக்கு ஒரு துடுப்பின் நுனி தென்படுமுன் அவரை எட்டியது மரத்தின் நறுமணம். ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த கேதுரு மரத்தின் மணம் அது.

உள்ளே இருந்தது கப்பல் அன்று. பிரித்து அடுக்கப்பட்ட கப்பல். 13 அடுக்குகளில் 1,224 துண்டுகள். அவற்றை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு அகமது யூசுப் என்பவரிடம் வந்தது. கூஃபுவின் தாய் எத்தெபரேசு அரசியின் மரச்சாமான்களைச் செப்பனிட்டுப் பெயர் பெற்றவர் அவர். ஆனால் கப்பல் கட்டும் தொழிலை அறியாதவர். அறிந்தவர் எவரும் அன்று உயிரோடு இல்லை என்பதே உண்மை.

அவர் உடனே மூல மரங்களில் கைவைக்கவில்லை. முதலில் மாணவரானார். நைல் நதிக்கரைப் படகுத்துறைகளுக்குச் சென்று தச்சர்களோடு இருந்து தொழிலைக் கற்றார். கல்லறைச் சுவர்ச் சிற்பங்களை ஆராய்ந்தார். பண்டைய எகிப்தியர் இறந்தோருடன் புதைத்த சிறு மரப்படகுகளை அருங்காட்சியகங்களில் உற்றுநோக்கினார். 1920-இல் தீப்சு நகரருகே மெக்கெத்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறையில் அத்தகைய படகுகள் பல, மாலுமிகளும் துடுப்புகளுமாகக் கிடைத்திருந்தன. இறந்தவனின் மறுமைப் பயணத்துக்கென்று செதுக்கப்பட்ட சிறு வடிவங்களே, உயிரோடிருந்த ஒருவருக்குப் பாடநூலாயின! பின்னர் கப்பலின் துண்டுகளை அளந்து வரைந்து, அவற்றைச் சிறிய அளவில் மரத்தில் செதுக்கி, அவற்றைப் பொருத்திப் பார்த்தார். சிறு மாதிரியில் நேரும் பிழையை மறுநாள் திருத்தலாம். பழம்பலகை ஒன்று முறிந்தால் என்ன செய்வது?

மாதிரி அவருக்குக் கற்பித்தது சிறிதன்று. இன்றைய படகுத் தச்சர் முதலில் எலும்புக்கூடு போன்ற சட்டத்தை நிறுத்தி, அதன்மேல் பலகைகளை அறைவார். கூஃபுவின் தச்சர்கள் இதைத் தலைகீழாகச் செய்தனர். முதலில் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி ஓட்டை உருவாக்கினர். குறுக்குச் சட்டங்களை அதன்பின்னரே உள்ளே இறக்கினர். அடியில் முதுகெலும்பு போன்ற ஏராக்கட்டையும் இல்லை. பலகைகளை இணைக்க ஆணி இல்லை, மரமுளைகளும் கயிறுமே. கயிற்றுத் துளைகள் பலகையின் வெளிப்புறம் வரை செல்லாமல், உட்புறமாகவே வளைந்து திரும்புகின்றன. நீரில் மரம் பருக்கும், கயிறு இறுகும், இடைவெளி அடைபடும். கயிற்றால் தைத்த மசூலாப் படகையும், பெயரிலேயே கட்டுதலைக் கொண்ட கட்டுமரத்தையும் அறிந்த நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எகிப்தில் நீண்ட மரம் அரிது. கூஃபுவின் தந்தை சினெபெரு 40 கப்பல்கள் நிறையக் கேதுரு மரங்களைக் கொண்டுவந்த செய்தி பலெர்மோ கல்வெட்டில் உள்ளது. அம்மரங்கள் லெபனோனிலிருந்து, பிப்லோசு துறைமுகம் வழியாக வந்தன. 'விவிலியம்' என்னும் நம் சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லும் அத்துறைமுகத்தின் பெயரோடு தொடர்புடையது என்பர். சாலமோன் ஆலயம் எழுப்ப ஈராமிடம் கேட்டுப் பெற்றதும் இதே மலையின் மரங்களே. ஆனால் கூஃபுவின் கப்பல் அதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் மூத்தது.

இவ்வளவு விலைமதிப்பான மரத்தில் செய்த கப்பலின் முன்முனையும் பின்முனையும் எதைப் போன்றவை தெரியுமா? ஏழை மீனவர் நாணற்கட்டுகளால் கட்டிய படகைப் போன்றவை. மன்னனின் கப்பலே நாணற்படகின் மர மாதிரிதான்! குழந்தை மோசேயை அவர் தாய் நைலில் விட்டதும் கீல் பூசிய நாணற்கூடையில்தான். எபிரேய மூலத்தில் அக்கூடைக்கும் நோவாவின் பேழைக்கும் ஒரே சொல். வேறு எதற்கும் விவிலியத்தில் அச்சொல் வழங்கவில்லை. குருமடத்தில் இதை நான் படித்தபோது எபிரேய இலக்கணக் குறிப்பாக மட்டுமே படித்தேன்.

பார்வோன்களின் செருக்கைப் பிரசங்க மேடையிலிருந்து கண்டிப்பது எளிது. நானும் கண்டித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பள்ளத்தை மூடியவன் கூஃபு அல்லன். மூடுகற்களில் எழுதப்பட்டிருந்தது அவன் மகன் செதெப்ரேயின் பெயர். தந்தைக்கு மகன் செய்த இறுதிக்கடன் அது. நவம்பர் மாதத்தில் நம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரியோடு நிற்கும் மகனிடமிருந்து அவனை நான் எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது?

கப்பல் உண்மையில் நைலில் மிதந்ததா, மன்னனின் உடலைச் சுமந்ததா, அல்லது கதிரவனோடு வானில் உலவவென்றே செய்யப்பட்டதா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. அகமது யூசுப் அவ்விவாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. கப்பலைக் கோத்துப் பிரித்து, மீண்டும் கோத்து, ஐந்து முறை முயன்றார். 1968-இல் பணி முடிந்தது. 43 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் அது எழுந்து நின்றது. கண்டெடுத்த இடத்திலேயே 1982-இல் அதற்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் முழுக் கப்பலாகவே புதிய பேரருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

பலகைகள் பலவற்றில் நான்கு விதமான குறிகள் கீறப்பட்டிருந்தன. முன்னா பின்னா, வலமா இடமா என, கப்பலின் எந்தக் கால்பகுதிக்குரியது அந்தப் பலகை என்பதைச் சொல்லும் தச்சர்களின் குறிகள் அவை. மன்னனின் பெயரை உலகம் அறியும். கீறியவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.