சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

உங்கள் பிள்ளை எந்த ஸ்டாண்டர்டு?

கல்யாண வீட்டில், ரயிலில், டாக்டர் க்ளினிக்கில் காத்திருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கிடையாது. எட்டு வயது என்றால் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு என்றால் அத்தனை பேருக்கும் ஒரே பாடம், ஒரே நாளில், ஒரே வேகத்தில். இது என்னவோ படைப்புக் காலத்திலிருந்தே இப்படித்தான் என்பதுபோல் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இல்லை. அந்த 'ஸ்டாண்டர்டு' என்ற சொல்லுக்கே ஒரு பூர்வீகம் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் எழும்பூர் வரை போய்விட்டு வந்துவிடலாம்.

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பாதிரியார். 1787-ல் சென்னைக்கு வந்து இறங்கினார். இரண்டு வருடம் கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்காக எழும்பூரில் ஒரு விடுதி திறந்தார்கள். வெள்ளைக்கார அப்பா, இந்திய அம்மா, இரண்டு பக்கத்துக்கும் வேண்டாத பிள்ளைகள். பெரும்பாலும் அப்படித்தான். அவர்களைப் படிக்கவைக்கும் பொறுப்பு பெல்லுக்கு வந்தது.

வந்ததும் தலைவலி ஆரம்பித்துவிட்டது. ஒருவன் பைபிள் வாசிப்பான். பக்கத்தில் இருப்பவனுக்கு 'ஏ' எது, 'பி' எது என்று தெரியாது. இருந்த வாத்தியார்களுக்கோ அதைப் பற்றிக் கவலையே இல்லை.

ஒரு நாள் காலையில் குதிரையில் போய்க்கொண்டிருந்தவர், வழியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். குழம்பாதீர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களைத்தான் மலபார் என்று எழுதுவார்கள். அதாவது, நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்திக்கொண்டே வந்தார் என்பார்கள்.

விடுதிக்கு வந்ததும், இனி அட்சரம் படிக்கும் பொடியன்களுக்கு மணல்தான் என்று உத்தரவு போட்டார். வாத்தியார்கள் முகத்தைச் சுளித்தார்கள். நடக்காது என்று கையை விரித்தார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டார். ஒரு சாதாரண சிப்பாயின் மகன். 'நீ சொல்லிக்கொடு' என்றார்.

அவன் சொல்லிக்கொடுத்தான். அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

அதன்பிறகு பெல் மொத்தப் பள்ளியையும் அந்த மாதிரியே மாற்றி அமைத்தார். வயதைப் பார்க்காமல் தேர்ச்சியைப் பார்த்து வகுப்பு பிரித்தார். தெரிந்த பையன், தெரியாத பையன் என்று ஜோடி சேர்த்தார். ஒருவன் தன் வகுப்பில் எளிதாக முந்துகிறானா? அடுத்த வகுப்புக்கு அனுப்பு. திணறுகிறானா? கீழ் வகுப்பில் உட்காரவை. வருஷம் முடியும்வரை காத்திருக்கிற பேச்சே இல்லை.

இதெல்லாம் பெல் மூளையில் உதித்ததா? 1823-ல் கேம்பெல் என்கிற பெல்லாரி கலெக்டர் எழுதிய அறிக்கையைப் பார்த்தால் கதை வேறுமாதிரி போகிறது. பெல்லாரி அப்போது மெட்ராஸ் மாகாணம். அந்தப் பகுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பொதுவாக நான்கு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள் என்கிறார். கீழ்ப் பிரிவுகளை மூத்த மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேல்பிரிவை வாத்தியார் தாமே பார்ப்பார். ஒரு கண் மட்டும் எல்லோர்மீதும் இருக்கும். ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்குப் போவது அவனவன் திறமையையும் முன்னேற்றத்தையும் பொறுத்தது. சொல்லிக்கொடுக்கிற பையனுக்கும் தான் படித்தது உறைக்கிறது, இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது சரிதான் என்றும் கலெக்டர் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரரே கொடுத்த சர்டிபிகேட்.

அந்த மூத்த மாணவனுக்கு நம் ஊரில் பெயர் சட்டாம்பிள்ளை.

உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அதே கேம்பெல் இன்னொன்றும் சொல்கிறார். காலையில் முதலில் வரும் பையன் கையில் சரஸ்வதி பெயர் எழுதி கௌரவிப்பார்கள். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனிலிருந்து அடி, வர வர எண்ணிக்கை ஏறும். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுக்க விசாரிக்கச் சொல்லி, 1826-ல் தொகுத்த விவரம்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இதில் பெண்கள் வெறும் 4,540. சேரிப் பிள்ளைகளில் அநேகமாக யாரையும் அந்தத் திண்ணையில் ஏற்றவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனவன் வேகம் என்பது நல்ல ஏற்பாடுதான். எந்தப் பிள்ளைக்கு என்பதுதான் கேள்வி.

சரி, பெல் கதைக்கு வருவோம். 1796-ல் ஊர் திரும்பினார். மறுவருடம் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று அந்த முறைக்குப் பெயரே ஆகிவிட்டது. ஜோசப் லங்காஸ்டர் என்கிற இளைஞர் 1798-ல் லண்டன் பரோ ரோடில் ஆரம்பித்த பள்ளியில், ஏறத்தாழ இதே உத்தியை இன்னும் பிரம்மாண்டமாகச் செய்தார். ஒரே ஹாலில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், ஒரே வாத்தியார், மிச்சமெல்லாம் சட்டாம்பிள்ளைகள். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு கோஷ்டி. திண்ணை வாத்தியாருக்கு மட்டும் கோஷ்டி கிடையாது.

ஆனால் போன இடத்தில் சரக்கு மாறிவிட்டது. திண்ணையில் ஒருவர் இருபது பேரைப் பார்ப்பார். இருபது முகமும் அவருக்குத் தெரியும். ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் பத்து வயதுச் சட்டாம்பிள்ளை என்ன செய்வான்? ஒப்பிக்கவைப்பான். புரிந்ததா என்று கேட்க அவனுக்கே தெரியாது. அரசாங்கத்துக்கோ செலவு குறைந்தால் போதும்.

அடுத்ததுதான் பெரிய திருப்பம். 1862-ல் ராபர்ட் லோ என்ற மந்திரி இங்கிலாந்தில் ஒரு சட்டதிட்டம் கொண்டுவந்தார். ஆறு படிகள். அவற்றுக்குப் பெயர்தான் 'ஸ்டாண்டர்டு'. வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பரீட்சை வைப்பார். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை ஃபெயிலானால் பள்ளிக்கு வரும் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. பீஸ் ரேட்! பனியன் கம்பெனியில் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி போடுவார்களே, அது. அப்படிப் போட்டால் வாத்தியார் என்ன செய்வார்? எப்படியும் பாஸாகிறவனை விட்டுவிடுவார். எப்படியும் தேறாதவனையும் விட்டுவிடுவார். கோட்டில் நிற்பவனைப் பிடித்து உலுக்குவார். புத்திசாலிக்கும் அந்த வருஷம் வீண், மந்தமானவனுக்கும் வீண். மானியத்தை ரிசல்ட்டோடு முடிச்சுப்போடும் இந்த வழக்கம் மெட்ராஸ் மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. போனது சட்டாம்பிள்ளை. வந்தது ஸ்டாண்டர்டு.

இங்கிலாந்து 1897-க்குள் அந்தக் கணக்கை மூட்டை கட்டிவிட்டது. நம்மிடம் சொல் மட்டுமாவது தங்கிவிட்டது. சொல்லோடு பழக்கமும். நான் படித்த வகுப்பில் அறுபது பேருக்குக் குறையாது. எனக்கு வகுத்தல் பிடிபடுவதற்குள் வாத்தியார் பின்னத்துக்குப் போய்விட்டார். பின்னம் பிடிபடுவதற்குள் முழுப்பரீட்சை வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் பி.காம். முடித்தது தனிக்கதை.

2003-ல் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்த எம்.பி.விஜயகுமார், பதின்மூன்று பள்ளிகளில் ஒரு பரிசோதனையை ஆரம்பித்தார். ஆந்திராவில் ரிஷிவேலிக்காரர்கள் ஓராசிரியர் பள்ளிகளுக்காகச் செய்துவைத்த அட்டைகள்தான் அடிப்படை. பாடப்புத்தகத்தைத் துண்டு துண்டாக்கி, படிப்படியாக அட்டைகளாக அடுக்கினார்கள். சுவரில் ஏணிப் படம். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்த்து, அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வரும். ஒன்றிலிருந்து நாலு வரை எல்லா வகுப்பும் கலந்து தரையில் வட்டமாக உட்காரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் முழுதாகச் சொல்லித்தருவார். ஒரு குழுவுக்குக் கொஞ்சம் உதவுவார். இன்னொரு குழுவுக்குக் கூடப் படிக்கிற பிள்ளையே துணை.

அம்மை போட்டுப் பதினைந்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால் விட்ட இடத்து அட்டையை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

2007-08-ல் மாநிலம் முழுக்கப் போனது. பெற்றோர் சும்மா இருப்பார்களா? 'வாத்தியார் பாடமே நடத்துறதில்லே, புள்ளைங்க அட்டையை வெச்சு விளையாடுது' என்றார்கள். ஆசிரியர்கள், 'அத்தனை அட்டையையும் அடுக்கி எடுக்கவே பொழுது போயிடுது' என்றார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கொரோனா வந்து பள்ளிகள் பூட்டிக் கிடந்தபிறகு, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி. ஆக, ஓர் ஆசிரியர், ஒரு அறை, மூன்று விதமான பாடம். மணி அடிப்பதற்குள் மூன்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும். எழும்பூர் திண்ணை வாத்தியாருக்கும் அதே வேலைதான். அவருக்குப் பதிவேடு எழுதும் வேலை மட்டும் இல்லை. கூட ஒரு சட்டாம்பிள்ளையும் இருந்தான்.