குழந்தை பிறந்தால் அம்மா சம்பளம் மட்டும் ஏன் குறையுது? கோவில்பட்டி கணக்கு இதுதான்!

கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகும் வீடு. குழந்தை பிறக்கிறது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் அவர் சம்பளம் ஏறியிருக்கும். அவங்க சம்பளம் அதே இடத்தில் நிற்கும், இல்லையென்றால் வேலையே கையில் இருக்காது.

மகப்பேறு விடுப்பில் போகும் ஆறு மாதம்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அடி விழுவது அதற்குப் பிறகுதான்.

டென்மார்க் பற்றி 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் ஆண்களைவிட நீண்டகாலத்தில் சுமார் 20% பின்தங்கியது தெரியவந்தது. அரசே குழந்தைகள் காப்பகம் நடத்தும் நாட்டில்தான் இந்த நிலை! 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் சொல்லும் விளக்கம் இது: நேரம் காலம் பார்க்காமல் உழைப்பவருக்கே கூடுதல் சம்பளம். அதனால் ஒருவர் அந்த வேலையில் ஓட, இன்னொருவர் குழந்தைக்காக எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடிய வேலைக்கு ஒதுங்குகிறார். வங்கி அதிகாரி என்றால், டிரான்ஸ்ஃபருக்குப் பயந்து புரமோஷனையே வேண்டாம் என்பார்.

கோவில்பட்டியில் எப்படி?

கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம் மழையை நம்பித்தான். அதனால் பல குடும்பங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கூலிதான் கைகொடுக்கிறது. அங்கே பெரும்பாலும் பெண்கள். பல வேலைகளுக்கு பீஸ் ரேட். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு மணி நேரம் முன்னாடி கிளம்பினால், அந்த வாரக் கூலியிலேயே அது தெரிந்துவிடும். 'வீட்டுல இருந்தே பெட்டி ஒட்டிக்கிறேன்' என்று மாறினால் குழந்தை கண்முன் இருக்கும். வருகைப் பதிவும் பி.எஃப்-பும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். பீஸ் ரேட் என்றாலும் உரிமை உண்டு. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் அந்த 80 நாளை எப்படிக் காட்டுவது?

பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டால், வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலரை மாதம்கூட ஆகியிருக்காது. அங்கன்வாடியில் விடவோ 2 வயது ஆக வேண்டும். இடையில் ஒன்றரை வருஷம் யார் பார்ப்பது?

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். தாய் தினமும் 4 முறை போய்ப் பார்க்கலாம். சின்ன யூனிட்களுக்கு இது பொருந்தாது. அங்கே ஆச்சிதான் காப்பகம்.

அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் விடுப்பு. தனியார் துறைக்கு அந்தச் சட்டமும் இல்லை.