உடைந்த திருகும் தேய்ந்த பேரிங்கும்

பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் இன்ஜினியர் இல்லை, இங்கிலாந்தின் ஹெண்டனில் விவசாயம் பார்த்த மனுஷன். ஸ்பிரிங்கில் ஓடும் மாதிரிப் படகைக் குளத்தில் விட்டுப் பார்த்தே 1836-இல் ப்ராப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய இதழ்கள் அதில் கிடையாது. இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத் திருகு அது. 1837-இல் லண்டன் பாடிங்டன் கால்வாயில் எதிலோ மோதி, அதில் ஏறக்குறைய பாதி முறிந்துபோனது. படகு நிற்கவில்லை, இன்னும் வேகமாக ஓடியது! அதிகப்படி நீளம் உராய்வைத்தான் கூட்டியிருக்கிறது. ஸ்மித் ஒரு சுற்றுக்கு மாறினார்.

எல்லாரும் சொல்லும் கதை இது. எனக்கென்னவோ அடுத்த கதைதான் பெரிசு. உடைந்த ப்ராப்பெல்லர் கண்ணுக்குத் தெரியும், ஷாஃப்ட் பேரிங் தேய்வது தெரியாது. பெரிய கப்பல்களில் உலோக பேரிங்குகள் சீக்கிரம் தேய்ந்தன. ஷாஃப்ட் ஆடியது, பின்பக்கம் தண்ணீர் கசிந்தது. நெடும்பயணமே சந்தேகம். 1850-களில் ஜான் பென், லிக்னம் வைட்டே என்ற கடினமான மரத்தில் பட்டைகள் செய்து பேரிங்கில் பதித்தார். எண்ணெய் வேண்டாம், கடல்நீரே மசகு.

நான் ஓட்டும் ரிமோட் படகிலும் அதே குழாய், அதே தேய்மானம்தான். பித்தளை புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால், எத்தனை ப்ராப்பெல்லர் மாற்றினாலும் நடுக்கம் போகாது. முதலில் புஷ்ஷை மாற்றணும், மோட்டாரையும் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் வைக்கணும், குழாயில் கிரீஸ் அடைக்கணும். ப்ராப்பெல்லர் அப்புறம்.