தொடக்கப்பள்ளி வாசிப்பில் டிஜிட்டல் கருவிகள்

குழந்தைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவும், படித்ததைப் புரிந்துகொள்ளவும், பிழையின்றி எழுதவும் கைப்பேசி, கைக்கணினி, ஸ்மார்ட் போர்டு ஆகியவற்றை ஆசிரியர்கள் துணைக்கு அழைத்துக்கொள்ளும் முறை இது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2018-ல் வந்த புதிய பாடநூல்களோடு இது பரவலானது.

அந்த ஆண்டு 1, 6, 9, 11 ஆம் வகுப்புப் புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது. கைப்பேசியைக் காட்டினால், ஒன்றிய அரசு 2017-ல் தொடங்கிய தீக்‌ஷா தளத்திலிருந்து பாடத்துக்கான காணொளி ஓடும். மகாராஷ்டிரத்தின் பரிதேவாடி கிராமப் பள்ளியில் இதே உத்தியை முன்னரே கையாண்டவர் ரஞ்சித்சிங் திசலே; 2020-ல் உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. காணொளியால் பாடம் சுவைபடும், சந்தேகமில்லை. ஆனால் பாட்டைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தை, அதே வரியைப் புத்தகத்தில் காட்டினால் திணறுவதுண்டு. கேட்பது வேறு, வாசிப்பது வேறு.

வாசிக்கப் பழக, வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். 30 குழந்தைகள் உள்ள வகுப்பில் 40 நிமிடப் பாடவேளையைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது. இந்த இடத்தில்தான் கருவி உண்மையாகவே கைகொடுக்கிறது. கூகுள் 2019-ல் இந்தியாவில் ‘போலோ’ என்ற பெயரில் வெளியிட்ட செயலி, பின்னர் ‘ரீட் அலாங்’ ஆனது. தமிழிலும் உண்டு. குழந்தை கதையை உரக்கப் படிக்கிறது. தியா என்ற சித்திரப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தடுமாறும் சொல்லைத் தொட்டால் அவள் சொல்லிக் காட்டுகிறாள். கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். தமிழ்நாட்டில் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி மையங்களில் 2022 ஜூனில் நடந்த வாசிப்பு மாரத்தானில் குழந்தைகள் இந்தச் செயலியில்தான் படித்தார்கள்.

தமிழுக்கு இந்த உதவி கூடுதலாகவே தேவைப்படுகிறது. கல், தங்கம், பகல் மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று. எது எங்கே என்பதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க முடியும். வீட்டில் ‘வந்தாங்க’ என்று பேசும் குழந்தைக்குப் புத்தகத்தின் ‘வந்தார்கள்’ கிட்டத்தட்டப் புதுச் சொல்.

படிக்கக் கதை வேண்டுமே! பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் ஆசிரியர் தாமே மொழிபெயர்க்கலாம், அச்சிட்டும் கொடுக்கலாம்.

மதிப்பிடவும் கருவி வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறது. யார் எந்த நிலையில் என்பதை ஆசிரியர்கள் செயலியில் மதிப்பிடுகிறார்கள். பதிவேற்றும் வேலை பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டதில் நியாயம் இருக்கிறது. குழந்தை வாசிப்பதைக் கேட்க வேண்டிய நிமிடங்கள் அவை.

எழுதும் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. ‘கெ’ எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது; எகர ஒலியோ பின்னால் வருகிறது. முதல் வகுப்பில் பலரும் இடறும் இடம் இது. 1999-ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் ‘க’ தட்டி, அடுத்து ‘எ’ தட்ட வேண்டும். கொம்பு தானாக முன்னால் போய் நிற்கும். ‘எ’-க்குப் பதில் ‘ஒ’ தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம், நடுவே ககரம். ஒலியின் வரிசையில் விரல் போகிறது, வடிவத்தைத் திரை காட்டுகிறது. இலக்கண வகுப்பு வருவதற்குள்ளேயே குழந்தை மெய்யும் உயிரும் சேர்வதைக் கண்ணால் பார்த்துவிடுகிறது.