நாற்பது பேரில் மூவர்

1932இல் டேராடூனில் இந்திய இராணுவ அகாடமி தொடங்கியபோது முதல் அணியில் சேர்ந்தவர்கள் 40 பேர். அவர்களில் மூவர் பின்னாளில் மூன்று நாடுகளின் படைத்தளபதிகளானார்கள். இந்தியாவுக்கு சாம் மானெக்‌ஷா, பாகிஸ்தானுக்கு முகம்மது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன். இதைப் பெருமையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் ஒரு கேள்வியும் தெரிகிறது.

முதல் உலகப்போரில் லட்சக்கணக்கான இந்தியர்கள் போரிட்ட பிறகே, 1918இல், சாண்ட்ஹர்ஸ்ட் அகாடமியில் அவர்களுக்கென ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டன. உள்நாட்டிலேயே அகாடமி வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேற மேலும் 14 ஆண்டுகள் ஆயின. அப்போதும் டேராடூனில் தேறியவர்களுக்கு சாண்ட்ஹர்ஸ்டில் தேறியவர்களைவிடச் சம்பளம் குறைவு.

மானெக்‌ஷா இங்கிலாந்து போய் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர். தந்தை அமிர்தசரஸில் மருத்துவர். மகனுக்கு இன்னும் வயது போதாது என்று அவர் மறுக்க, அந்தக் கோபத்தில் மகன் அகாடமித் தேர்வை எழுதினார். பிள்ளையை மருத்துவராக்கத் துடிக்கும் நம் வீடுகளுக்கு இது தலைகீழ்க் கதை. மூசா சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர். ஸ்மித் டன் பர்மாவின் சிறுபான்மையினரான கரென் இனத்தவர்.

1965 போரில் மூசா பாகிஸ்தான் இராணுவத்தின் தலைமைத் தளபதி. 1971 போரில் மானெக்‌ஷா இந்தியாவின் தளபதி. ஒரே மைதானத்தில் பழகிய கால்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன. ஆனால் என்னை உறுத்துவது ஸ்மித் டன்னின் கதை. 1948இல் சுதந்திர பர்மாவின் படைக்குத் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கரென் கிளர்ச்சி வெடித்ததும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு நே வின் வந்தார். ஸ்மித் டன் கிளர்ச்சியில் சேரவில்லை. ஒதுங்கி வாழ்ந்தார். எடுத்த சத்தியத்தை அவர் மீறவில்லை. சத்தியம் வாங்கிய அரசுதான் அவரை நம்பவில்லை.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அக்கா மகன். பல்கலைக்கழகத்துக்குப் பதில் வெஸ்ட் பாயிண்ட் போகிறேன் என்கிறான். கட்டணம் கிடையாது, மாதப்படியும் உண்டு. பட்டம் பெற்றபின் குறைந்தது ஐந்தாண்டுகள் பணி செய்யவேண்டும். அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் காதில் ஏறவில்லை. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்றே வளர்ந்தவள் அவள். சீருடை என்றால் அவளுக்கு இன்றும் எதிரே நிற்பவன் அணிவதுதான். மகனுக்கோ அது தான் பிறந்த நாட்டின் உடை. இருவர் சொல்வதிலும் பொய் இல்லை.

கல்லூரியில் பாடம் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். அகாடமியில் யாருக்குக் கட்டுப்படுவது என்பதே முதல் பாடம். வெஸ்ட் பாயிண்டில் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் பணிக்கடன் இல்லை. மூன்றாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்ததும் கடன் தொடங்கிவிடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளை யோசிப்பதற்கான காலமாக வைத்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன். மானெக்‌ஷாவைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்மித் டன்னைப் பற்றியும் படி என்றேன். அக்காவிடம் சொல்ல எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.