பதின்மூன்று வயது வரம்பு: தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும் சமூக ஊடகமும்

சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது பரவலாக அறியப்பட்ட விதி. குழந்தை மருத்துவர்களோ உளவியலாளர்களோ ஆராய்ந்து வகுத்த வயது இது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இது 1998-இல் அமெரிக்கா இயற்றிய ஒரு தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. அப்போது பேஸ்புக்கும் இல்லை, ஐபோனும் இல்லை.

1990-களின் நடுவில் அமெரிக்க வீடுகளில் இணையம் நுழைந்தபோது, சிறுவர்களுக்கான இணையதளங்கள் பல தோன்றின. விளையாட்டு, பரிசு என்று ஆசை காட்டி, சிறுவர்களிடமிருந்தே வீட்டு விவரங்களைக் கேட்டுப் பெற்று விளம்பரத்துக்குப் பயன்படுத்தின. இதை எதிர்த்து 1996-இல் ஊடகக் கல்வி மையம் என்ற அமைப்பு குரல் எழுப்பியது. 1998 அக்டோபரில் ‘கோப்பா’ எனப்படும் சிறுவர் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டக்கூடாது என்பதே அதன் சாரம். இதற்காகப் பாடுபட்ட எட்வர்ட் மார்க்கி 16 வயதைத்தான் விரும்பினார்; பேச்சுவார்த்தையில் அது 13 ஆகக் குறைந்தது.

சிறுவர் எந்த வயதில் சமூக ஊடகத்துக்கு வரலாம் என்ற கேள்வியை இச்சட்டம் கேட்கவே இல்லை. ஆனால் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்ப்பது செலவு பிடிக்கும் வேலை. அதைவிட, ‘13 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை’ என்று எழுதிவைப்பது எளிது. பொதுவான தளங்களைப் பொறுத்தவரை, பயனர் சிறுவர் என்பது நிறுவனத்துக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் பொறுப்பு. எனவே தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நிறுவனங்களுக்கு ஆதாயமாயிற்று. பிறந்த ஆண்டைக் கேட்கும் கட்டத்தில் மூன்று, நான்கு ஆண்டுகளைக் குறைத்துச் சொன்ன பிள்ளைக்குக் கதவு திறந்தது. 2006 செப்டம்பரில் 13 வயது கடந்த எவரும் சேரலாம் என்று பேஸ்புக் அறிவித்தது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயது குறைந்த பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கப் பெற்றோரே உதவியது தெரியவந்தது. பொய்யின் முதல் பாடம் வீட்டிலேயே நடந்தது எனலாம்.

இதற்கிடையில் கருவியும் மாறிவிட்டது. சட்டம் வந்த காலத்தில் கணினி என்பது வீட்டில் ஓரிடத்தில் அமர்ந்திருந்த பொருள். பிள்ளை என்ன பார்க்கிறது என்பது போகிறவர் வருகிறவர் கண்ணில் படும். 2007-இல் ஐபோனும் 2010-இல் ஐபேடும் வந்தபின், எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் விரலால் தள்ளியே காணொளி தேடிக்கொண்டது. 2020-இல் கொரோனா பள்ளிகளை மூடியது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது என்றாலும், பல வீடுகளில் வகுப்பும் வீட்டுப்பாடமும் அப்பா அல்லது அம்மாவின் கைபேசி வழியேதான் வந்தன. கைபேசியும் அதிலுள்ள கணக்கும் பெரியவருடையவை. பார்ப்பது மட்டும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. இந்நிலையில் வயது வரம்பு எங்கே குறுக்கிடும்?

நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல என்பதை 2019-இல் யூடியூப் மீது தொடுக்கப்பட்ட வழக்கு காட்டியது. 6 முதல் 11 வயதுச் சிறுவர்களைச் சென்றடைவதில் யூடியூப் முன்னணியில் இருப்பதாகப் பொம்மை நிறுவனமான மட்டேலிடம் கூகுள் கூறியிருந்தது. மற்றொரு விளம்பர நிறுவனத்திடமோ, 13 வயதுக்குட்பட்ட பயனரே தன்னிடம் இல்லை என்றது. வழக்கு 17 கோடி டாலர் அபராதத்தில் முடிந்தது. அதே ஆண்டில் டிக்டாக்கின் முன்னோடியான மியூசிக்கலி செயலி 57 லட்சம் டாலர் கட்டியது. சிறுவர்க்கெனத் தனி இன்ஸ்டாகிராம் அமைக்கும் திட்டம், கடும் எதிர்ப்பால் 2021 செப்டம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது.

பிற நாடுகள் வேறு வழிகளை நாடின. பிரான்சு 2018-இல் தொடக்கப்பள்ளியிலும் நடுநிலைப்பள்ளியிலும் கைபேசிப் பயன்பாட்டைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியா 2024-இல் இயற்றிய சட்டம், சமூக ஊடகக் கணக்குக்கான வயதை 16 ஆக்கியது; 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. அங்கே விதியை மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, அபராதம் நிறுவனத்துக்கே. இந்தியாவின் 2023 எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கும் பிளஸ் டூ மாணவிக்கும் அதில் ஒரே விதிதான்.