கறுப்பினப் பெண்ணின் சன்னலும் மூடப்பட்ட அஞ்சலகமும்

அஞ்சலகங்களை மூடும்போதெல்லாம் நமக்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: வருமானம் இல்லை. ஆனால் 1903 ஜனவரியில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இண்டியனோலா என்ற சிற்றூரின் அஞ்சலகம் மூடப்பட்டதற்குக் காரணம் வருமானம் அல்ல. அதன் அஞ்சல் அதிகாரி ஒரு கறுப்பினப் பெண். பெயர் மின்னி காக்ஸ்.

நிறவெறி என்றதும் பேருந்து இருக்கையும் பள்ளிக்கூட வாசலும் நம் நினைவுக்கு வருகின்றன. அஞ்சலகச் சன்னலைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. 1890இல் மிசிசிப்பி புதிய அரசியல் சட்டம் எழுதி, வாக்குவரி, எழுத்தறிவுச் சோதனை என்று தடைகளைப் போட்டு, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. மாநிலத்தில் எல்லாக் கதவுகளும் அடைபட்ட அந்தக் காலத்தில் அஞ்சல் துறை ஒன்றிய அரசின் கையில் இருந்தது. மின்னி காக்ஸை நியமித்தவர் குடியரசுத் தலைவர். அதனால் பருத்திப் பண்ணை முதலாளியும் தன் கடிதத்துக்காக ஒரு கறுப்பினப் பெண்ணின் சன்னலில் வந்து நிற்க வேண்டியிருந்தது.

அது அவர்களுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டின் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு, 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் கிராமங்களில் தலித் வீடுகளுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கப்படுவதில்லை என்று கண்டது. இங்கே கொடுக்கிறவர் சேரிக்குள் வர மறுக்கிறார். அங்கே வாங்குகிறவர் கை நீட்ட மறுத்தார்.

மறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தென் கரோலினாவின் லேக் சிட்டி முன்பே காட்டியிருந்தது. அங்கே பிரேசியர் பேக்கர் என்ற கறுப்பின அஞ்சல் அதிகாரியின் வீடே அஞ்சலகம். 1898 பிப்ரவரி 22 அன்று இரவு வெள்ளையர் கும்பல் அதற்குத் தீ வைத்து, வெளியே வந்தவர்களைச் சுட்டது. பேக்கரும் கைக்குழந்தை ஜூலியாவும் இறந்தார்கள். ஐடா பி. வெல்ஸ் வாஷிங்டன் வரை போய்க் குடியரசுத் தலைவரிடம் நீதி கேட்டார். மறு ஆண்டு நடந்த விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஒருவருக்கும் தண்டனை இல்லை.

மின்னி காக்ஸ் இதையெல்லாம் அறிந்தவர்தான். அவர் வேலையில் குறை என்று எவரும் சொல்லவில்லை. அஞ்சல் பெட்டி வாடகை கட்டத் தவறியவர்களுக்குத் தன் பணத்தைப் போட்டுக் கட்டியவர். தன் செலவிலேயே அஞ்சலகத்தில் தொலைபேசி வைத்தவர். ஆனாலும் 1902இல் ஜேம்ஸ் வார்டமன் என்ற அரசியல்வாதி வெறுப்பைக் கிளற, ஊர் வெள்ளையர் கூட்டம் போட்டு அவர் பதவி விலக வேண்டும் என்றார்கள். மேயரும் ஷெரீப்பும் பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்றார்கள். அவர் விலகல் கடிதம் கொடுத்தார்.

குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை ஏற்கவில்லை. மிரட்டி வாங்கிய விலகல் செல்லாது, அவரை ஏற்காவிட்டால் உங்களுக்கு அஞ்சலகமும் கிடையாது என்பது அவர் நிலை. ஊரின் தபால் சுமார் 30 மைல் தள்ளியிருந்த கிரீன்வில்லுக்குத் திருப்பிவிடப்பட்டது. பதவிக்காலம் முடியும்வரை மின்னி காக்ஸுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது.

இந்த முடிவை நாம் பாராட்டலாம். ஆனால் அந்தத் தண்டனையில் ஒரு பாதி ஊரின் கறுப்பின மக்கள் தலையிலும் விழுந்தது. அவர்கள் கடிதமும் கிரீன்வில்லுக்குத்தான் போனது. கதவைச் சாத்த முடிந்த அரசால் அந்தப் பெண்ணுக்குக் காவல் கொடுக்க முடியவில்லை. அந்த ஜனவரியிலேயே அவர் ஊரைவிட்டு வெளியேறினார். வார்டமன் இதையே பேசி அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் வென்றார்.

1904இல் அஞ்சலகம் தரம் குறைக்கப்பட்டுத் திறந்தது. சன்னலில் ஒரு வெள்ளையர். மின்னி காக்ஸ் ஊருக்குத் திரும்பி, கணவர் வேயினுடன் சேர்ந்து கறுப்பின மக்களுக்காக டெல்டா பென்னி சேவிங்ஸ் வங்கியைத் தொடங்கினார். 1954இல், பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதை எதிர்க்கும் முதல் வெள்ளையர் குடிமக்கள் மன்றம் கூடியதும் இதே இண்டியனோலாவில்தான். இன்று அவ்வூர் அஞ்சலகக் கட்டடத்துக்கு மின்னி காக்ஸின் பெயர். 2008இல் சட்டம் போட்டுச் சூட்டினார்கள்.